முயலுக்கு எத்தனை கால்?

"நாத்திகமும் ஒரு மதம்தாங்க. நாத்திகரும் ஒரு வகையில அடிப்படைவாதிதான்."

டிவி விவாதம், டீக்கடை, கல்யாணப் பந்தி, குடும்ப வாட்ஸப் குழு... இந்தப் பேச்சு கேட்காத இடமே இல்ல. கேட்கும்போதெல்லாம் எரிச்சலா வருது. அந்த எரிச்சல்லதான் இதை எழுத உட்கார்ந்தேன். ஏன் எரிச்சல்னா, இது ஒரு வாதத்தை ஆரம்பிக்கிற பேச்சு இல்ல, முடிச்சு வைக்கிற பேச்சு. கேட்ட கேள்விக்கு பதில் இல்லாத பக்தருக்கு இது வசதியா இருக்கு. "நான் ரெண்டு பக்கமும் இல்ல"ன்னு மேடையில நடுவுல நாற்காலி போட்டு உட்கார நினைக்கிறவருக்கும் வசதி. அதுக்கு நாத்திகர் பக்கத்துலருந்து வர்ற பதிலும் எனக்குத் திருப்தியா இல்லைங்கிறதைச் சொல்லிடணும். "எங்களுக்கு வேதமும் கிடையாது, பூசாரியும் கிடையாது, நாங்க எப்படிங்க அடிப்படைவாதி ஆவோம்?"னு ஒரே வரியில முடிச்சிடுறாங்க. நான் கடவுள் நம்பிக்கை இல்லாத பக்கம் நிக்கிறவன். அதனாலயே இந்தக் கேள்வியை அவ்வளவு சுலபமா தட்டிவிட எனக்கு மனசு வரல. நம்ம பக்கத்துக்கு எதிரா வர்ற குற்றச்சாட்டை நாமே பொறுமையா விசாரிக்கலன்னா, பகுத்தறிவுன்னு சொல்லிக்கிறதுல என்ன அர்த்தம் இருக்கு?

முதல்ல அந்த வார்த்தை எங்கிருந்து வந்துச்சுன்னு பாத்துடலாம். அடிப்படைவாதி அப்படிங்கிறது எதிரிங்க திட்டுறதுக்காகக் கண்டுபிடிச்ச பேர் இல்ல. அமெரிக்காவுல 1910-லருந்து 1915 வரைக்கும் 'தி ஃபண்டமென்டல்ஸ்' அப்படின்னு 12 தொகுதிகள் வந்துச்சு. மொத்தம் 90 கட்டுரை. பணம் போட்டவர் லைமன் ஸ்டூவர்ட்னு ஒரு எண்ணெய்க் கம்பெனி முதலாளி. பைபிள்ல பிழையே கிடையாது, கன்னிப் பிறப்பு நிஜமாவே நடந்துச்சு, உயிர்த்தெழுந்ததும் அப்படியே நடந்துச்சு... இப்படிச் சில அடிப்படைகள்ல கை வைக்கவே கூடாதுங்கிறதுதான் அதோட சாரம். 1920-ல கர்டிஸ் லீ லாஸ்ங்கிற பாப்டிஸ்ட் பத்திரிகை ஆசிரியர், இந்த அடிப்படைகளுக்காகப் போராடத் தயாரா இருக்கறவங்களுக்கு 'ஃபண்டமென்டலிஸ்ட்'னு பேர் வச்சார். அவங்க அதைப் பெருமையா ஏத்துக்கிட்டாங்க. ஆக, வார்த்தை பிறக்கும்போதே அதுக்குள்ள ரெண்டு விஷயம் இருந்திருக்கு. ஒண்ணு, கேள்விக்கு அப்பாற்பட்டதுன்னு ஒதுக்கி வச்ச சில முடிவுகள். இன்னொண்ணு, அந்த முடிவுகளுக்காக அடுத்தவரோட மோதத் தயாரா இருக்கறது. நம்ம தமிழ்ச் சொல்லுல 'வாதம்' ஒட்டிக்கிட்டு இருந்தாலும், அடிப்படைவாதம்ங்கிறது உண்மையில வாதத்துக்கு இடமே கொடுக்காத நிலை.

இந்த அர்த்தத்தைக் கையில வச்சுக்கிட்டு பாத்தா, நாம தினமும் மூணு வேற வேற விஷயத்தை ஒரே வார்த்தையில போட்டுக் குழப்பிக்கிறது தெரியும். பிடிவாதம் ஒண்ணு. தீவிரம் ஒண்ணு. அடிப்படைவாதம் ஒண்ணு. ஒருத்தர் குரலை உயர்த்திப் பேசினா, கேலி பண்ணினா, மனசு புண்படுற மாதிரி எழுதினா அவர் தீவிரமானவர். அதுக்காக மட்டும் அவர் அடிப்படைவாதி ஆயிட மாட்டார். அதே மாதிரி, ரொம்ப மென்மையா, சிரிச்ச முகத்தோட, குரலே உயர்த்தாம பேசுற ஒருத்தர் முழு அடிப்படைவாதியா இருக்கலாம். குரல் எவ்வளவு சத்தமா இருக்குங்கிறது இதுக்கு அளவுகோலே கிடையாது.

இதுக்கு நம்ம ஊர்லயே ஒரு நல்ல உதாரணம் இருக்கு. 1953 மே 27-ஆம் தேதி பெரியார் திருச்சி டவுன் ஹால் மைதானத்துல மண்ணுல செஞ்ச பிள்ளையார் சிலையைப் பொதுமக்கள் முன்னாடி உடைச்சார். ஒருத்தர் வழக்குப் போட்டார். அது கோயில்ல பிரதிஷ்டை பண்ணின சிலை இல்ல, அதனால குற்றமாகாதுன்னு கீழ் நீதிமன்றங்கள் சொல்லிடுச்சு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 1958-ல தீர்ப்பு வந்துச்சு. ஒரு பிரிவு மக்கள் புனிதம்னு நினைக்கிற எந்தப் பொருளும் சட்டத்தோட பாதுகாப்புக்குள்ள வரும், பிரதிஷ்டை ஆகியிருக்கணும்னு அவசியம் இல்லன்னு நீதிபதிகள் சொன்னாங்க. ஆனா ரொம்ப வருஷம் ஆயிடுச்சுன்னு மேற்கொண்டு விசாரணைக்கு அனுப்பாம விட்டுட்டாங்க. பக்தரோட உணர்ச்சியை ஏளனமா ஒதுக்கக் கூடாதுன்னு அந்தத் தீர்ப்பு சொல்றதை நான் மதிக்கிறேன். பெரியார் செஞ்சது தேவையில்லாத புண்படுத்தல்னு ஒருத்தர் சொன்னா, அது நியாயமா பேசிப் பாக்க வேண்டிய கருத்து. ஆனா ஒண்ணைக் கவனிங்க. அவர் உடைச்சது பூஜையில இருந்த சிலை இல்ல. எந்தக் கோயில் கதவும் உடையல. அடுத்த நாள் காலையில பிள்ளையாரைக் கும்பிடப் போன எந்தக் கையையும் யாரும் தடுக்கல. புண்படுத்தறதுக்கும் தடுக்கறதுக்கும் நடுவுல இருக்கற இந்த இடைவெளி ரொம்பப் பெரிசு. அதைச் சின்னதாக்கிக் காட்டினாதான் "ரெண்டும் ஒண்ணுதான்" அப்படிங்கிற பேச்சு எடுபடும்.

சரி, குரல் அளவுகோல் இல்லன்னா வேற எது? நம்ம பழமொழியிலயே அது இருக்கு. தான் பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு சாதிக்கிறவர்னு சொல்றோம் இல்லையா, அவர்தான். முயலுக்கு மூணு கால்னு ஒருத்தர் தப்பா நினைக்கிறது பிரச்சனையே இல்ல. எல்லாரும் எதையாவது தப்பா நினைச்சுக்கிட்டுதான் இருக்கோம். முயலைக் கொண்டாந்து முன்னாடி விட்டு, "எண்ணிப் பாருங்க"ன்னு சொன்னதுக்கு அப்புறம் என்ன பண்றார்ங்கிறதுதான் கேள்வி.

2014 பிப்ரவரியில அமெரிக்காவோட கென்டக்கி மாநிலத்துல இந்தச் சோதனை மேடையிலயே நடந்துச்சு. ஒரு பக்கம், பூமிக்கு வயசு சில ஆயிரம் வருஷம்தான்னு சொல்ற கென் ஹாம். இன்னொரு பக்கம், அறிவியல் பரப்புரையாளர் பில் நை. கேள்வி நேரத்துல ரெண்டு பேரையும் பாத்து ஒண்ணு கேட்டாங்க: எது வந்தா நீங்க உங்க மனசை மாத்திக்குவீங்க? தன்னோட நம்பிக்கை வேதத்துல நிக்குது, அது பொய்னு தன்னை யாராலயும் நம்ப வைக்க முடியாதுங்கிற பொருள்ல ஹாம் பதில் சொன்னார். நை சொன்னது ஒரே ஒரு ஆதாரம் போதும்ங்கிற மாதிரி. இருக்கக் கூடாத பாறை அடுக்குல ஒரு புதைபடிவம் இருந்தாகூட தான் மாறிடுவேன்னார். ஹாம் கெட்டவர்னு நான் சொல்லல. அவர் நேர்மையாதான் பதில் சொன்னார். அந்த நேர்மையான பதில்தான் அடிப்படைவாதத்தோட வரையறை. அவரோட முயலுக்குக் காலை எண்ணவே முடியாது.

இதே கேள்வியை நாத்திகர்கள் மேல வச்சுப் பாக்கணும் இல்லையா? 'அடிப்படைவாத நாத்திகர்'னு உலகம் முழுக்க அதிகமா திட்டு வாங்கினவர் ரிச்சர்ட் டாக்கின்ஸ். ஹிக்ஸ் துகளுக்குப் பேர் கொடுத்த பீட்டர் ஹிக்ஸ், தானும் கடவுள் நம்பிக்கை இல்லாதவர், 2012-ல ஒரு ஸ்பானிஷ் பத்திரிகைப் பேட்டியில டாக்கின்ஸையே கிட்டத்தட்ட ஒரு அடிப்படைவாதின்னு சொன்னார். டாக்கின்ஸோட தொனியைப் பத்தின அந்த விமர்சனத்துல நியாயம் இருக்கு. நம்பிக்கையாளர்ல மிக மோசமானவங்களை எடுத்துக்கிட்டு எல்லாரையும் அதை வச்சே அளக்குறார்ங்கிறது சரியான புகார்தான். ஆனா அவரோட 2006 புத்தகமான 'தி காட் டெலூஷன்'ல நம்பிக்கையை ஒண்ணுலருந்து ஏழு வரைக்கும் அளக்குற ஒரு அளவுகோல் வருது. ஒண்ணுன்னா கடவுள் நிச்சயமா இருக்கார். ஏழுன்னா நிச்சயமா இல்ல. அதுல டாக்கின்ஸ் தன்னை நிறுத்திக்கிட்ட இடம் ஆறு. ஏழு இல்ல. ஏழுல யாராவது நின்னா அது ஆதாரத்தைத் தாண்டின நிச்சயம்னு அவருக்கே தெரியும். இதைவிட எனக்குப் பிடிச்ச உதாரணம் 2010-ல நடந்தது. பி.இசட். மையர்ஸ் அப்படிங்கிற உயிரியலாளர், தன்னைக் கடவுளை நம்ப வைக்கக்கூடிய ஆதாரம்னு எதுவுமே கிடையாதுன்னு எழுதினார். கடவுள்ங்கிற கருத்தே தெளிவில்லாதது, அதுக்கு எது ஆதாரம்னே சொல்ல முடியாதுங்கிறது அவர் வாதம். உடனே அவரை மறுத்தது யார்? பாதிரியார் இல்ல. ஜெரி காய்ன்ங்கிற இன்னொரு நாத்திக உயிரியலாளர். ஆதாரம் வந்தா ஒத்துக்கத்தான் வேணும், ஒத்துக்க மாட்டேன்னு முன்கூட்டியே சொல்றது அறிவியல் இல்லன்னு அவர் எழுதினார். ரெண்டு பேரும் பொதுவெளியில சண்டை போட்டாங்க. யாரும் யாரையும் சமூக விலக்கு பண்ணல. ஒரு கூட்டத்துக்குள்ளயே இந்தக் கேள்வி உயிரோட இருக்குன்னா அந்தக் கூட்டத்தை மதம்னு சொல்றது பொருந்தல.

இதுவரைக்கும் படிச்ச நாத்திக நண்பர்கள் சந்தோஷமா இருப்பீங்க. இனிமே வர்றது கஷ்டமான பகுதி.

சோவியத் ஒன்றியத்துக்கு வாங்க. அங்க 1925-ல கடவுள் மறுப்பாளர் சங்கம் ஒண்ணு ஆரம்பிச்சு, 1929-ல அதுக்கு 'போராடும் கடவுள் மறுப்பாளர் சங்கம்'னு பேர் மாத்தினாங்க. தலைவர் யெமெல்யான் யாரோஸ்லாவ்ஸ்கி. 1930-களோட தொடக்கத்துல 50 லட்சத்துக்கும் மேல உறுப்பினர்கள்னு கணக்கு காட்டினாங்க. 1931 டிசம்பர் 5-ஆம் தேதி மாஸ்கோவோட கிறிஸ்து மீட்பர் பேராலயத்தை வெடி வச்சுத் தகர்த்தாங்க. (அந்த இடத்துல பின்னாடி ஒரு பெரிய நீச்சல் குளம் கட்டினாங்க. 2000-ல அதே இடத்துல பேராலயம் திரும்ப எழுந்துடுச்சு.) புரட்சிக்கு முன்னாடி பல்லாயிரக்கணக்குல இருந்த ஆர்த்தடாக்ஸ் தேவாலயங்கள்ல 1930-களோட முடிவுல வழிபாடு நடந்தது சில நூறுல மட்டும்தான். ஆயிரக்கணக்கான பாதிரிமார்கள் சுடப்பட்டாங்க, முகாம்களுக்கு அனுப்பப்பட்டாங்க. மசூதிகளுக்கும் பௌத்த மடங்களுக்கும் யூத ஆலயங்களுக்கும் இதே கதிதான்.

ஆனா அடிப்படைவாதத்துக்கு என் கையில இருக்கற மிகத் துல்லியமான சாட்சி அந்த வெடிச் சத்தம் இல்ல. ஒரு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1937 ஜனவரி 6-ஆம் தேதி எடுத்த கணக்கெடுப்புல, 16 வயசுக்கு மேல இருந்தவங்ககிட்ட "உங்களுக்கு மத நம்பிக்கை உண்டா?"ன்னு கேட்டாங்க. அரசாங்க அலுவலர் வீட்டு வாசல்ல நின்னு கேட்கிற கேள்வி, அதுவும் ஸ்டாலின் காலத்துல. அந்தப் பயத்தையும் மீறி, பதில் சொன்னவங்கள்ல பாதிக்கும் மேலான பேர், சுமார் ஐந்தரைக் கோடி ஜனங்க, "ஆமா, உண்டு"ன்னு சொன்னாங்க. இருபது வருஷப் பிரசாரத்துக்கு அப்புறமும். மதம் தானா உதிர்ந்துகிட்டு இருக்குன்னு அரசு சொல்லிக்கிட்டு இருந்துச்சு. முயலைக் கொண்டாந்து முன்னாடி விட்டாச்சு, நாலு கால் கண்ணுக்குத் தெரியுது. என்ன பண்ணினாங்க தெரியுமா? கணக்கெடுப்பை மொத்தமா ரத்து பண்ணினாங்க. மொத்த மக்கள்தொகையும் எதிர்பார்த்ததைவிட ரொம்பக் குறைவா வந்திருந்ததும் அதுக்கு ஒரு பெரிய காரணம். அதுக்கு முன்னாடி வந்த பஞ்சத்துல செத்தவங்களை அந்த எண்ணிக்கை காட்டிக்கொடுத்துச்சு. கணக்கெடுப்பை நடத்தின புள்ளியியலாளர்களைக் கைது பண்ணினாங்க, சிலரைச் சுட்டுக் கொன்னாங்க. 1939-ல திரும்ப ஒரு கணக்கெடுப்பு எடுத்தாங்க. அதுல மதம் பத்தின கேள்வியே இல்ல. எண்ணினவரைத் தண்டிச்சுட்டு, அடுத்த தடவை எண்ணவே வேண்டாம்னு முடிவு பண்ணின ஒரு அரசு அது. அந்த அரசு தன்னை அறிவியல்பூர்வமானதுன்னு சொல்லிக்கிச்சு. கடவுள் இல்லன்னும் சொல்லிக்கிச்சு. அடிப்படைவாதம்னா இதுதான், வேற பேர் கிடையாது.

இங்க நாத்திகர்கள் வழக்கமா ஒரு மறுப்பு சொல்வோம். "அது ஸ்டாலினோட சர்வாதிகாரம், நாத்திகத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல." இதுல பாதி உண்மை இருக்கு. 1943 செப்டம்பர்ல, ஜெர்மனியோட போர் நடந்துகிட்டு இருக்கும்போது, அதே ஸ்டாலின் ஆர்த்தடாக்ஸ் திருச்சபைத் தலைவர்கள் மூணு பேரைக் கிரெம்ளினுக்குக் கூப்பிட்டுப் பேசினார். சில நாள்லயே புதுத் தலைமைப் பேராயரைத் தேர்ந்தெடுக்க அனுமதி கிடைச்சுது. போருக்கு மக்களைத் திரட்ட மதம் உதவும்னா மதமும் சரிதான்னு ஆயிடுச்சு. அதாவது அங்க கேள்விக்கு அப்பாற்பட்டதா இருந்தது கடவுள் மறுப்பு இல்ல, கட்சியோட அதிகாரம். இது சரி. ஆனா மறுபாதியை மறைக்கக் கூடாது. தேவாலயத்துக்கு வெடி வச்சவங்க கையில இருந்த பிரசாரத் தாள் கடவுள் மறுப்புப் பிரசாரம்தான். அல்பேனியாவுல என்வர் ஹோஜா 1967-ல எல்லா வழிபாட்டு இடங்களையும் மூடிட்டு, உலகத்தோட முதல் நாத்திக நாடுன்னு அறிவிச்சார். 1976-ல எழுதின அரசியல் சட்டத்துல, அரசு எந்த மதத்தையும் அங்கீகரிக்காது, நாத்திகப் பிரசாரத்தை ஆதரிக்கும்னே ஒரு பிரிவு போட்டாங்க. மதப் பேரை வச்சிருந்த ஜனங்க பேரை மாத்திக்கணும்னும் உத்தரவு வந்துச்சு. பாட்டி தலைமாட்டுல ஒளிச்சு வச்சிருக்கிற சிலுவையும், ரமலான் மாசத்துல யாருக்கும் தெரியாம பிடிக்கிற நோன்பும் குற்றமாச்சு. 1990 நவம்பர்லதான் ஷ்கோடர் நகரத்துல திரும்ப வெளிப்படையா வழிபாடு நடந்துச்சு. சிலுவைப் போரைப் பத்திப் பேசும்போது "அது அரசியல், கிறிஸ்தவத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல"ன்னு ஒருத்தர் சொன்னா நாம ஒத்துக்குவோமா? ஒத்துக்க மாட்டோம். அப்போ அதே தராசுலதான் நாமும் நிக்கணும்.

இந்த இடத்துல எனக்கு ஒரு மனுஷர் ஞாபகத்துக்கு வர்றார். ஜே.பி.எஸ். ஹால்டேன். இங்கிலாந்துல பிறந்த பெரிய மரபியலாளர், நாத்திகர். 1957-ல இந்தியாவுக்குக் குடிவந்து, 1964-ல புவனேஸ்வர்ல காலமானவர். பரிணாமக் கொள்கையை எது பொய்யாக்கும்னு யாரோ கேட்டதுக்கு, கேம்பிரியன் காலத்துக்கு முந்தின பாறையில ஒரு முயலோட புதைபடிவம் கிடைச்சா போதும்னு அவர் பதில் சொன்னதா வழங்குது. பாருங்க, இங்கயும் முயல்தான்! எது என்னைத் தோக்கடிக்கும்னு முன்கூட்டியே சொல்லி வைக்கிற நேர்மைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. ஆனா அதே ஹால்டேன் கம்யூனிஸ்ட் கட்சிக்காரராவும் இருந்தார். சோவியத்ல லைசென்கோ அப்படிங்கிறவர் மரபியலையே முதலாளித்துவப் பொய்னு சொல்லி, அரசோட ஆதரவுல மரபியலாளர்களை ஒழிச்சுக்கட்டினார். 1928-ல ஹால்டேனை சோவியத்துக்கு அழைச்ச நிக்கோலாய் வாவிலோவ், உலகம் முழுக்கச் சுத்தி விதை சேகரிச்ச அந்தப் பெரிய விஞ்ஞானி, 1940-ல கைதாகி 1943-ல சரத்தோவ் சிறையில செத்துப்போனார். ஹால்டேன் வருஷக்கணக்கா அதை வெளிப்படையா கண்டிக்கத் தயங்கினார். 1948-லகூட லைசென்கோ பக்கம் கொஞ்சம் நியாயம் தேடித்தான் பேசினார். 1950 வாக்குலதான் கட்சியை விட்டு விலகினார். கடவுள் விஷயத்துல அவ்வளவு தெளிவா இருந்த ஒருத்தருக்குக் கட்சி விஷயத்துல கால் எண்ண முடியல. எனக்கு இதுலருந்து கிடைக்கிற பாடம் இதுதான்: அடிப்படைவாதம் கடவுள்கிட்டதான் குடியிருக்கும்னு நினைச்சு, கடவுளை விட்டதும் அதுவும் நம்மை விட்டுப் போயிடுச்சுன்னு நம்புறதுதான் நாத்திகருக்கு வர்ற பெரிய ஆபத்து. கடவுள் காலி பண்ணின நாற்காலியில கட்சி உட்காரலாம், தலைவர் உட்காரலாம், இனம் உட்காரலாம், 'அறிவியல்'ங்கிற பேரே உட்காரலாம்.

அப்போ தமிழ்நாட்டு நாத்திகம்? அதை ஒரு மதம்னு சொல்றவங்க பெரியார் சிலை பீடத்துல செதுக்கி இருக்கற கடவுள் மறுப்பு வாசகத்தைக் காட்டுவாங்க. திரும்பத் திரும்பச் சொல்ற வாசகம் மந்திரம்தானே, சிலைக்கு மாலை போடுறது பூஜைதானேன்னு கேட்பாங்க. அந்த வாசகத்தை நீக்கணும்னு போட்ட வழக்கை 2019-ல சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி பண்ணிடுச்சு. கடவுள் உண்டுன்னு சொல்ல ஒருத்தருக்கு எவ்வளவு உரிமை இருக்கோ, இல்லன்னு சொல்ல இன்னொருத்தருக்கும் அவ்வளவு உரிமை உண்டு. அது சட்டம். ஆனா நான் சட்டத்தை வச்சு மட்டும் இதுக்கு பதில் சொல்ல விரும்பல. செயலை வச்சு சொல்றேன். 1924-ல வைக்கத்துல கோயிலைச் சுத்தின தெருக்கள்ல எல்லாச் சாதிக்காரங்களும் நடக்கணும்னு போராடி ஜெயிலுக்குப் போனவர் பெரியார். கடைசிக் காலத்துல அவர் முன்னெடுத்தது என்ன? கருவறைக்குள்ள எல்லாச் சாதிக்காரங்களும் போய்ப் பூஜை பண்ணுற உரிமை. அதுக்கான சட்டம் 1970-ல வந்து, வழக்குகள்ல மாட்டி, 2021 ஆகஸ்ட்லதான் பல சாதிகளைச் சேர்ந்தவங்க அர்ச்சகரா நியமனம் ஆனாங்க. தான் நம்பாத கடவுளோட கருவறைக்குள்ள, நம்புறவர் போகணும்னு போராடுறது எந்த அடிப்படைவாதத்துலயும் சேராது. ஹோஜா கோயிலைப் பூட்டினார். பெரியார் கோயில் கதவைத் திறக்கச் சொன்னார். ரெண்டு பேரும் நாத்திகர்தான், ஆனா ரெண்டு பேரையும் ஒரே பட்டியல்ல போட முடியாது.

இருந்தாலும் அந்தக் கேள்வியில ஒரு முள் இருக்கு, அதைப் பிடுங்காம விடக் கூடாது. தான் சொல்றதை அப்படியே நம்ப வேண்டாம், உங்க அறிவுக்குச் சரின்னு பட்டா ஏத்துக்கங்கன்னு வாழ்நாள் முழுக்கச் சொன்னவர் பெரியார். இன்னிக்கு ஒரு விவாதத்துல "பெரியாரே சொல்லிட்டார்"னு ஒருத்தர் முடிச்சு வைக்கும்போது, அங்க நடக்கறது வேதத்தை மேற்கோள் காட்டுறதுதான். அவர் சொன்னதுல எது இன்னிக்கும் நிக்குது, எது அந்தக் காலத்தோட போச்சு, எது அன்னிக்கே தப்புன்னு ஒரு இளைஞர் கேட்டா, அவரைத் துரோகின்னு சொல்றதுக்கு முன்னாடி நாம மூச்சு வாங்கிக்கணும். அப்படிக் கேட்கிறதுதான் அவர் விட்டுட்டுப் போன சொத்து. தமிழுக்கு இது புதுசும் இல்ல. மணிமேகலையில பல சமயக் கணக்கர்கள் வரிசையா வந்து தங்கள் கொள்கையைச் சொல்றாங்க. அதுல கடவுள், மறுபிறப்பு எதையும் ஒத்துக்காத பூதவாதியும் ஒருத்தர். மணிமேகலை அவரை மறுக்கிறாள், ஆனா அவர் பேசி முடிக்கிற வரைக்கும் கேட்டுட்டுதான் மறுக்கிறாள். வாதத்துக்குன்னு பட்டிமண்டபம் போட்டு வச்ச ஊரைப் பாடின காப்பியம் அது.

கடைசியா ஒரு மறுப்பு. "ரெண்டு பக்கமும் தப்பு இருக்குன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க, அப்போ நாங்க சொன்னது சரிதானே?" இல்ல. எந்த நாட்டுல, எந்தக் காலத்துல நின்னு பேசறோம்ங்கிறது முக்கியம். 2013 ஆகஸ்ட் 20-ஆம் தேதி புனேயில காலை நடை போன நரேந்திர தபோல்கரைச் சுட்டுக் கொன்னாங்க. அவர் நாத்திகர், ஆனா அவர் நடத்தின இயக்கம் கடவுள் நம்பிக்கையை எதிர்க்கல. மூடநம்பிக்கையையும் அதை வச்சுச் சுரண்டுறதையும்தான் எதிர்த்துச்சு. அந்த வழக்குல ரெண்டு பேருக்கு ஆயுள் தண்டனை கிடைக்க 2024 மே மாசம் ஆச்சு. 2015-ல இதே மாதிரி மூடநம்பிக்கையை எதிர்த்த கோவிந்த் பன்சாரேயையும் எம்.எம். கல்புர்கியையும் சுட்டுக் கொன்னாங்க. அதே வருஷம் டாக்காவுல புத்தகக் கண்காட்சியை விட்டு வெளிய வந்த எழுத்தாளர் அவிஜித் ராயை வெட்டிக் கொன்னாங்க. 2017 மார்ச்ல நம்ம கோயம்புத்தூர்லயே கடவுள் இல்லன்னு எழுதினதுக்காக ஒரு இளைஞரை வெட்டிக் கொன்னாங்க. இவங்க யார் கையிலயும் ஆயுதம் இல்ல, பேனாவும் மைக்கும்தான் இருந்துச்சு. இந்த மண்ணுல இன்னிக்கு நின்னுக்கிட்டு "ரெண்டு பேரும் அடிப்படைவாதிகள்தான்"னு சொல்றது, வெட்டினவரையும் வெட்டுப்பட்டவரையும் ஒரே வரிசையில நிக்க வைக்கிற வேலை. 1937 மாஸ்கோவுல நான் இருந்திருந்தா, வேட்டையாடப்பட்ட பாதிரியார் பக்கம்தான் நின்னிருக்கணும். 2013 புனேயில தபோல்கர் பக்கம்தான் நிக்கணும். இதுல முரண்பாடே இல்ல. ரெண்டு இடத்துலயும் ஒரே கொள்கைதான்: நம்புற உரிமையும் நம்பாம இருக்கற உரிமையும் ஒண்ணுதான்.

அதனால என்னோட முடிவு இது. நாத்திகம் அடிப்படைவாதம் இல்ல. "கடவுள் இல்ல"ங்கிறது ஒரு கருத்து. கருத்து தானா அடிப்படைவாதம் ஆகாது, பிடிச்சிருக்கிற விதம்தான் அதை அப்படி ஆக்கும். ஆனா நாத்திகர் அடிப்படைவாதி ஆகலாம். ஆகியிருக்காங்க. லட்சக்கணக்கான உயிர்கள் அதுக்கு விலை கொடுத்திருக்கு. அடுத்த தடவை யாராவது இந்தப் பேச்சை எடுத்தா, கோபப்படாம ரெண்டு கேள்வி கேளுங்க. எது தெரிஞ்சா உங்க முடிவை மாத்திக்குவீங்க? உங்க கையில முழு அதிகாரம் வந்தா, உங்களை ஒத்துக்காதவர் நாளைக்குக் காலையில எப்படி வாழ்வார்? முதல் கேள்விக்கு "எதுவும் மாத்தாது"ன்னும், ரெண்டாவது கேள்விக்கு மௌனமும் வந்தா, அவர் நெத்தியில என்ன இருக்கு, என்ன இல்லன்னு பாக்கத் தேவையே இல்ல.

ஆனா அடுத்தவர்கிட்ட கேட்கிறதுக்கு முன்னாடி, தயவுசெஞ்சு உங்ககிட்டயே ஒரு தடவை கேட்டுப் பாருங்க. குறிப்பா, கடவுளை விட்டுட்டோம்னு நிம்மதியா இருக்கற என் பக்கத்து நண்பர்கள்.